புறம்போக்கை யார் விற்கிறார்கள்? அரசு நிலம் தனியார் கைக்குப் போகும் வழிகள்

‘கண்மாய் ஏலம் போயிடுச்சு.’ ‘ஊரணியை எழுதி வாங்கிட்டாங்க.’ ‘பொட்டலுக்குப் பட்டா கொடுத்துட்டாங்க.’

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்த மூன்று பேச்சும் ஒரே பொருளில்தான் புழங்குகின்றன: பொது நிலம் தனியாருக்குப் போய்விட்டது. ஆனால் முதலாவது பெரும்பாலும் நில விற்பனையே அல்ல. இரண்டாவது நடந்திருந்தாலும் சட்டப்படி நிற்காது. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. அது முறைப்படியும் நடக்கும், முறை தவறியும் நடக்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்க, அரசு நிலம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசுக்கு இந்த நிலம் எப்படி வந்தது?

செட்டிநாட்டின் பெரும்பகுதி இன்றைய சிவகங்கை மாவட்டத்திலும் மிச்சம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கிறது. சிவகங்கைப் பக்கம் ஜமீன் சீமை. புதுக்கோட்டைப் பக்கம் 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம், அதாவது ஜமீன் ஒழிப்புச் சட்டம், ஜமீன் எல்லைக்குள் இருந்த தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, கண்மாய், புறம்போக்கு எல்லாவற்றையும் அரசிடம் சேர்த்தது. பிறகு நிலவரித் திட்ட அதிகாரிகள் ஊர் ஊராக அளந்து பதிவு செய்தார்கள். ஒரு நகரத்தார் குடும்பம் தர்மத்துக்கு வெட்டிய ஊரணி, அந்தப் பதிவில் ‘அரசு புறம்போக்கு – ஊரணி’ என்று ஏறியிருப்பது இங்கே சாதாரணம். வெட்டியவரின் பேரன்மார் அதை இன்னும் ‘எங்க ஊரணி’ என்பார்கள். பாசத்தில் சொல்வது தப்பில்லை, பத்திரத்தில் சொன்னால்தான் சிக்கல்.

இது தவிர மூன்று வழிகளில் அரசுக்கு நிலம் சேர்கிறது. ஒன்று, இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்துவது. இரண்டு, நன்கொடை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். தனியார் நிலம் பொதுவுக்குப் போனதுதான் இந்த ஊரின் பெருமைக்குரிய கதை. நாம் இங்கே பார்ப்பது அதன் எதிர்த்திசை. மூன்று, வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து அரசியல் சட்டத்தின் 296ஆவது பிரிவின்படி அரசைச் சேரும். பூட்டிக் கிடக்கும் வளவுகளைப் பார்த்து ‘இதையெல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அந்த வீடுகளுக்கு வாரிசு இல்லாமல் இல்லை. ஐம்பது பங்காளிகள் இருப்பதுதான் பிரச்சினை.

பதிவேட்டில் ஒரு சொல்

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. சர்வே எண், பரப்பு, வகைப்பாடு, தீர்வை (நிலவரி) எல்லாம் அதில் இருக்கும். ஒரு நிலத்தை விற்கலாமா கூடாதா என்பதற்கான பாதி விடை அந்த வகைப்பாட்டுச் சொல்லில் இருக்கிறது.

1. தீர்வை ஏற்பட்ட தரிசு: விவசாயத்துக்கு உதவும் என்று வரி கணக்கிடப்பட்டு, யாருக்கும் கொடுக்கப்படாமல் அரசு வசமே கிடக்கும் நிலம். கொடுப்பதற்கு மிக எளிதானது இதுதான்.

2. தீர்வை ஏற்படாத தரிசு: கல்லும் செம்புறாங்கல்லுமான மேட்டு நிலம் போன்றவை. இதையும் கொடுக்கலாம், தீர்வை விதித்த பிறகு.

3. புறம்போக்கு: பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியது. கண்மாய், ஊரணி, வரத்துக்கால், பாதை, மயானம், களம், மேய்க்கால், மந்தைவெளி எல்லாம் இதில் அடக்கம். அதிகாரிகள் இதையே இரண்டாகப் பிரிப்பார்கள்: நீர்நிலை, பாதை, மயானம் போன்றவை ஆட்சேபகரமானவை, மற்றவை ஆட்சேபணையற்றவை.

4. அனாதீனம்: உடையவர் யார் என்று நிலவரித் திட்டத்தின்போது தெரியாமல் போன நிலம். பெயரே சொல்வதுபோல் அனாதை நிலம். வழக்குகள் அதிகம் விளையும் வகை இது.

இந்த நான்குக்கும் மேலே இன்னொரு அடுக்கு உண்டு: தடையாணைப் புத்தகம். எதிர்காலத் தேவைக்கு வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் குறித்து வைத்த நிலங்கள் அதில் இருக்கும். தரிசாகவே இருந்தாலும் அந்தப் புத்தகத்தில் ஏறிவிட்டால் யாருக்கும் ஒப்படைக்கக் கூடாது.

அரசு நிலம் போலத் தோன்றுபவை

‘புறம்போக்கு’ என்று ஊரில் சொல்வதெல்லாம் அரசு நிலம் அல்ல. கோயில் நிலம் கோயிலில் இருக்கும் சாமியுடையது. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையிலான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களாகட்டும், தெருமுனை அய்யனார் கோயிலாகட்டும், 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்துக்கு உட்பட்ட கோயில் என்றால் 34ஆவது பிரிவுப்படி அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்க முடியாது, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. வக்பு நிலத்துக்கு வேறு சட்டம்.

கிராம நத்தம் இன்னொன்று. வீடு கட்டிக் குடியிருக்க விடப்பட்ட இடம். குடியிருப்பவரின் நத்தம் வீட்டுமனை அரசுடைமை ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே நத்தம் பட்டா கொடுப்பதை ‘அரசு நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மகர்நோன்புப் பொட்டல், மஞ்சுவிரட்டுப் பொட்டல் போன்றவைதான் உண்மையிலேயே குழப்பமானவை. ஊர் முழுக்க அனுபவிக்கும் வெளி. பதிவேட்டில் அது நத்தம் புறம்போக்காக இருக்கலாம், கோயில் பெயரில் இருக்கலாம், நகரத்தார் பொதுவின் பெயரில் பட்டாவாகவே இருக்கலாம். ஆண்டுக்கு ஒருநாள் மகர்நோன்புக்கு அம்பு போடும் இடம் என்பதற்காக அது பொது நிலம் ஆகிவிடாது. பதிவேட்டைப் பார்க்காமல் சண்டைக்குப் போவது வீண்.

கைமாறும் நான்கு வழிகள்

‘அரசு நிலத்தை விற்றுவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. வருவாய்த் துறை பின்பற்றும் விதித்தொகுப்பான வருவாய் நிலை ஆணைகள் இவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன.

1. ஒப்படை: நிலமற்ற ஏழைக்கு விவசாயத்துக்காகவோ வீட்டுமனைக்காகவோ கொடுப்பது. நிலை ஆணை 15 விவசாய நிலத்துக்கு, 21 வீட்டுமனைக்கு. பெரும்பாலும் இலவசம், நிபந்தனைகளோடு: இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது, சொன்ன காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும். பத்து ஆண்டுத் தடை பரவலாகக் காணப்படுவது. பஞ்சமி நிலத்தை, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்றே கொடுத்த நிலத்தை, அந்தப் பத்து ஆண்டு கழிந்த பிறகும் அந்த வகுப்பினர் அல்லாதவர் வாங்கக் கூடாது.

2. நில மாற்றம்: துறைக்குத் துறை. செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் ஒரு பகுதியை நாளைக்கு வேறொரு துறைக்குக் கொடுத்தால் அது இந்த வகை. அரசு ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொள்கிறது. இதை விற்பனை என்று சொல்லிக் கொதிப்பது தேவையற்றது.

3. குத்தகை: நிலை ஆணை 24ஏ. உரிமை அரசிடமே இருக்கும். மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை மனைகள்கூட 99 ஆண்டுக் குத்தகைதான். மானாமதுரையில் அப்படி ஒரு பேட்டை இருக்கிறது. 99 ஆண்டு என்பது நடைமுறையில் விற்பனைதானே என்று கேட்டால், ஏறத்தாழ ஆமாம். ஆனால் நிபந்தனை மீறினால் திரும்ப எடுக்கும் பிடி அரசிடம் இருக்கும். அந்தப் பிடி முக்கியம்.

4. நில உரிமை மாற்றம்: நிலை ஆணை 24. கம்பெனிக்கோ கல்வி நிறுவனத்துக்கோ அறக்கட்டளைக்கோ தனியாளுக்கோ விலை பெற்றுக்கொண்டு உரிமையையே கொடுப்பது. விற்பனை என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது இது ஒன்றுதான்.

வீட்டு வசதி வாரியம் மனை விற்பது இந்த வரிசையில் வராது. அங்கே நிலம் ஏற்கெனவே வாரியத்துக்குப் போய்விட்டது. வாரியம் தன் விதிப்படி குலுக்கலிலோ ஏலத்திலோ விற்கிறது.

ஒரு கோப்பு நடக்கும் பாதை

உரிமை மாற்றக் கோப்பு ஒன்று பொதுவாக இப்படித்தான் நகரும்:

1. நிலம் வேண்டுபவர், என்ன காரியத்துக்கு, எத்தனை ஏக்கர் என்று சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கிறார்.

2. கோப்பு வட்டாட்சியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் இறங்குகிறது. அவர் ‘அ’ பதிவேடு, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புல வரைபடம் எடுத்து அறிக்கை தருகிறார். சர்வேயர் உட்பிரிவு செய்யும் வரைபடம் போடுகிறார்.

3. ஊரில் அறிவிப்பு ஒட்டி ஆட்சேபம் கேட்கிறார்கள். உள்ளாட்சியின் தீர்மானமும் வாங்கப்படுகிறது. பக்கத்தில் நீர்வழி இருந்தால் பொதுப்பணித் துறை அல்லது நீர்வளத் துறையின் கருத்தும் வேண்டும்.

4. சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் பதிவான பத்திரங்களை வைத்து விற்பனைப் புள்ளிவிவரம் தயாரித்து விலை நிர்ணயிக்கிறார்கள்.

5. கோட்டாட்சியர், ஆட்சியர், நில நிர்வாக ஆணையர் என்று பரிந்துரை மேலே ஏறி, வருவாய்த் துறை அரசாணை வெளியிடுகிறது.

6. பணம் கருவூலத்தில் கட்டிய பிறகு நிலம் ஒப்படைக்கப்பட்டு, கிராமக் கணக்கில் பெயர் மாறுகிறது.

இதில் சார்பதிவாளர் அலுவலகம் எங்கே வருகிறது என்று தேடுபவர்கள் ஏமாறுவார்கள். அரசு தானே வழங்கும் நில மானியத்துக்குப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அதனால் வில்லங்கச் சான்றில் எதுவும் காணாதபோதும் நிலம் கைமாறியிருக்கலாம். அரசாணைதான் தாய்ப்பத்திரம்.

மூன்றாவது படியில் ஒரு ஓட்டை உண்டு. அறிவிப்பு ஒட்டுவது என்பது அலுவலகச் சுவரில் ஒரு தாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் ‘ஆட்சேபணை ஏதும் வரவில்லை’ என்று கோப்பில் ஒரு வரி ஏறும். பர்மா, மலேயா காலத்திலிருந்தே பாதிப்பேர் வெளியூரில் இருக்கும் சீமை இது. தாளைப் படிக்க ஊரில் ஆள் வேண்டாமா?

ஏலம் கட்டாயமா?

2ஜி அலைக்கற்றை வழக்கில் 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், பொதுச் சொத்தைக் கொடுக்க ஏலமே சிறந்த வழி என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அப்படியானால் எல்லாவற்றையும் ஏலம்தான் விட வேண்டுமா என்று குடியரசுத் தலைவர் கேட்க, அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏலம் என்பது அரசியல் சட்டக் கட்டாயம் அல்ல என்று விளக்கியது. முறை நியாயமானதாக, தன்னிச்சையற்றதாக, பொதுநன்மை கருதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விலை நிர்ணயித்து ஒருவருக்கே கொடுத்தாலும் அதனாலேயே செல்லாததாகிவிடாது. கேள்வி விலையில்தான் எழும். வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் ஒன்றல்ல என்பது திருச்சி–ராமேசுவரம் சாலையோரம் மனை விசாரித்த எவருக்கும் தெரியும். பத்திரத்திலேயே குறைத்துக் காட்டி எழுதும் ஊரில், பத்திரங்களை வைத்து எடுக்கும் புள்ளிவிவரம் குறைந்த விலையைத்தான் காட்டும். அரசு ஏமாற்றப்படும் இடம் பெரும்பாலும் இதுவே.

உண்மையான தீர்மானம் நடக்கும் இடம்

விலை பேசுவதற்கும் முன்பே ஒரு காரியம் நடந்திருக்கும்: வகைப்பாடு மாற்றம். மேய்க்காலாக இருந்தது தரிசாக மாறும். களமாக இருந்தது நத்தமாக மாறும். தலைப்புச் செய்தி ஆவது விற்பனை. ஆனால் விற்க முடியாத நிலம் விற்கக்கூடிய நிலமாவது இந்தச் சத்தமில்லாத கட்டத்தில்தான்.

மாற்றத்துக்குச் சொல்லும் காரணம் வழக்கமாக ஒன்றே: ‘பயன்பாடு அற்றுப்போய்விட்டது.’ ஊரணியில் தண்ணீர் இல்லை, மேய்க்காலில் மாடு இல்லை, வரத்துக்கால் தூர்ந்துவிட்டது. செட்டிநாட்டு ஊரணி தனியாக நிற்பதில்லை. மழைநீர் ‘வாரி’ எனப்படும் வரத்துக்கால் வழியாக வந்து, ஒன்று நிறைந்து அடுத்ததுக்குப் போகும் சங்கிலி அது. நடுவில் ஒரு வாரியை அடைத்துவிட்டு, கீழே உள்ள ஊரணி வறண்டுவிட்டது என்று எழுதினால், எழுதியது பொய்யல்ல. வறண்ட காரணம்தான் மறைக்கப்படுகிறது.

நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றம் தெளிவாக இருக்கிறது. பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்துச் சிலர் வீடு கட்டினார்கள். செலவழித்துக் கட்டிவிட்டார்கள், ஆகவே விலை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் ஆட்சியர். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. பணம் கட்டினாலும் முடியாது, நீண்ட காலம் இருந்தாலும் முடியாது, வீடு பெரிதானாலும் முடியாது. ஊர்ப் பொது நிலத்தை மீட்டு ஊருக்கே கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நிலமற்ற ஏழைகளுக்குக் கொடுத்தது, பள்ளி, மருந்தகம் போன்றவை மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்களைக் காக்க 2007இலேயே தனிச் சட்டம் வந்திருந்தது.

சரி, ஊரணியை ‘எழுதி வாங்கியவர்’ கதி என்ன? பத்திரம் இருக்கலாம், விற்றவருக்கு உரிமை இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22ஏ பிரிவு, அரசு நிலம் பற்றிய பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சார்பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது.

விற்பனை என்று தவறாக எண்ணப்படுபவை

- கண்மாய் ஏலம்: ஏலம் போவது மீன்பாசியோ சீமைக்கருவேல மரமோதான்; புளியமர ஏலமும் அப்படியே. மகசூல் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு. ஏலம் எடுத்தவர் கரையில் கொட்டகை போட்டு நிரந்தரமாகத் தங்கினால், அது புதிதாக ஓர் ஆக்கிரமிப்பு.

- வங்கி ஏலம்: பத்திரிகையில் வரும் பொதுத்துறை வங்கி ஏல அறிவிப்புகளில் இருப்பது கடன் கட்டாத தனியாரின் அடமானச் சொத்து. அரசு நிலம் அல்ல. வரி பாக்கிக்காக வருவாய்த் துறை ஜப்தி செய்து விடும் ஏலமும் அப்படியே.

- பி மெமோ: 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் இருப்பவருக்குத் தீர்வையும் தண்டமும் விதித்துக் கொடுக்கும் தாள். ‘இருபது வருஷமா பி மெமோ கட்டுறோம்’ என்று அதையே உரிமைச் சான்றாகக் காட்டி இடம் விற்கிறார்கள். நான் ஆக்கிரமிப்பாளர் என்று தானே ஒப்புக்கொண்ட தாள் அது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும்கூட உரிமை தருவதில்லை.

- நீண்டகால அனுபவம்: தனியாருக்கு எதிராக 12 ஆண்டு அனுபவம் போதும், அரசுக்கு எதிராக 30 ஆண்டு வேண்டும். அதுவும் அரசு நிலம் என்று ஒப்புக்கொள்ளாமல் எதிர்த்து அனுபவித்ததாக நிரூபிக்க வேண்டும். பி மெமோ கட்டியவர் அதை எப்படி நிரூபிப்பார்?

மத்திய அரசு நிலமும் கையகப்படுத்திய நிலமும்

ரயில்வே, தொலைபேசித் துறை இடங்கள் மாவட்ட ஆட்சியர் கையில் இல்லை. ரயில்வே நிலத்தைப் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைக்கு விட ஓர் ஆணையம் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் உபரி நிலத்தைப் பணமாக்கத் தேசிய நிலப் பணமாக்கல் கழகம் அமைக்க 2022 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கையகப்படுத்திய நிலத்தில் முன்னாள் உடைமையாளருக்குத் தனிக் கேள்வி உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த நிலத்தை எந்த மேம்பாடும் செய்யாமல் வேறொருவருக்கு விலைக்கு மாற்றினால், உயர்ந்த மதிப்பில் 40 சதவீதத்தை நிலம் கொடுத்தவர்களுக்குப் பங்கிட வேண்டும் என்கிறது 102ஆவது பிரிவு. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கான நிலம் 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது. எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள் என்பதைப் பார்த்த பிறகே பங்கு கேட்க முடியும்.

காரைக்குடி மாநகராட்சி ஆன பிறகு

2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் போன்ற பேரூராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. இதனால் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, கேட்கும் இடம். ஊராட்சியாக இருந்தவரை கிராம சபையில் எழுந்து நின்று ‘மேய்க்காலை மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டோம்’ என்று தீர்மானம் போட முடிந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அந்த வாய்ப்பு. மாநகராட்சிக்குள் வந்ததும் தீர்மானம் போடுவது மாமன்றம்.

இரண்டாவது, எண். நகர நிலவரித் திட்டம் முடிந்த பகுதியில் பழைய சர்வே எண் போய், வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று புதிய அடையாளம் வரும். ‘ஊரணி’ என்று தெளிவாக இருந்த பதிவு புதிய ஏட்டில் வெறும் ‘சர்க்கார் புறம்போக்கு’ என்று சுருங்கியிருந்தால், அது ஆட்சேபகரமான வகை என்பதே ஏட்டிலிருந்து மறைந்துபோகும். அரசின் இ-சேவைத் தளத்தில் ஒரு சர்வே எண் புறம்போக்கா என்று சரிபார்க்க வசதி உண்டு. அது இன்றைய நிலையை மட்டும் காட்டும். நேற்று என்னவாக இருந்தது என்று பார்க்க, வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று தாள்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க வேண்டும்: பழைய ‘அ’ பதிவேட்டின் நகல், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்புமைப் பட்டியல், இடையில் வகைப்பாடு மாறியிருந்தால் அதற்கான செயல்முறை ஆணை. மூன்றாவது தாளில் தேதி இருக்கும்.